ஒடைஞ்ச ஐஸ் பாரும் டீ கிளாஸ் புத்தகமும்

1. முதல் பார்

தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போகிற முதல் நாள். எங்கள் ஐஸ் கம்பெனியில் நான் தள்ளிவிட்ட முதல் பார், சறுக்குப் பலகையில் பாதி தூரம் போவதற்குள் இரண்டாகப் பிளந்தது. 2007ஆம் வருஷம், கடலூர் முதுநகர். நாற்பது பேராவது பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பார் என்றால் அம்பது கிலோ ஐஸ் கட்டி. வருஷத்தில் நாற்பத்தைந்து நாள் மீன் பிடிக்கத் தடை. அந்த நாட்களில் கம்பெனியும் மூடிக் கிடக்கும். திறக்கிற அன்றைக்கு முதல் பாருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, ஆபரேட்டர் தன் கையால் தள்ளிவிட வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம். யார் கையால் பார் வருகிறதோ அவன் கைராசிதான் அந்த வருஷம் முழுக்க மீனாக வரும் என்று போட்டுக்காரர்கள் நம்புவார்கள். எங்கள் கம்பெனியில் ஆறு வருஷமாக அது என் கை. கலியமூர்த்தி கை என்றால் ராசியான கை. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

கீழே நின்றிருந்தவர் காத்தமுத்து. எங்களிடம் ஜாஸ்தி ஐஸ் எடுக்கிறவர், இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரர். உறவு இல்லை, ஆனாலும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

"என்னா மச்சான், ஆரம்பமே ரெண்டாப் போவுது?" என்று சிரித்தார்.

"ஒண்ணு அப்படித்தான் இருக்கும். அடுத்ததப் பாரு" என்றேன்.

அடுத்ததும் உடைந்தது. இருபது பார் இறக்கியதில் பதினொன்று உடைசல். பின்னால் யாரோ, "கற்பூரம் இன்னும் அணையல, அதுக்குள்ள பொளந்துக்கிச்சு. ஆபரேட்டர் வூட்ல எதுனா தீட்டா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

காத்தமுத்து சிரிப்பதை நிறுத்தினார். "இந்த ஒடசல ஏத்திக்கினு பத்து நாளு எப்படி மச்சான் கடல்ல நிப்பேன்? மூணாம் நாளே தண்ணியாப் பூடும். புடிச்ச மீன அப்படியே கருவாட்டுக்குத்தான் போடணும்."

அவர் சொன்னது நியாயம். முழு பார் மெள்ள உருகும், உடைசல் சீக்கிரம் உருகும். அன்றைக்கு அவர் வேறு கம்பெனியில் ஐஸ் எடுத்துக்கொண்டு போனார்.

முதலாளி என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கலியா, பதினாறு வருஷமா இங்க இருக்கிற. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா போட்டுக்காரங்க ஒன் கையப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டாங்க. பரங்கிப்பேட்டைல ஜாபர்னு ஒரு ஆபரேட்டர் இருக்கான். வரியான்னு போன்ல கேட்டு வெச்சிருக்கேன். இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணு."

பண்ணாவிட்டால் என் வேலை ஜாபருக்கு.

2. ஸ்ரீமுஷ்ணம்

நான் எட்டாவது வரை படித்தவன். மெஷினைத் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொண்டவன். வீட்டில் காலையில் விளக்கேற்றாமல் டீ குடித்ததில்லை. கம்ப்ரஸரை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் அதற்கும் விபூதி வைப்பேன். அப்படிப்பட்டவனுக்கு முதல் பார் உடைந்தால் முதலில் தோன்றுவது என்ன? நாம் என்ன தப்பு செய்தோம் என்பதுதான்.

தப்பு இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரி மகேஸ்வரிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, ஸ்ரீமுஷ்ணம் பெருமாளுக்கு மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அவள் எழுந்து நடமாட ஆரம்பித்ததும், அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிப் போட்டுவிட்டேன். அதுதான் இப்போது கையில் வந்து நிற்கிறது என்று முடிவு பண்ணினேன். மறுநாளே பஸ் ஏறிப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, பெருமாள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் இறக்கிய பாரும் உடைந்தது.

முதலாளி என் தலையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "மொட்டையும் அடிச்சிக்கினு வந்துட்ட. ஐஸ் அதப் பாத்ததாத் தெரியலயே" என்றார். லோடுமேன்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. வேலை போகும் என்பது ஒரு பக்கம். பெருமாளும் என்னை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிசு என்று கேட்டால், அன்றைக்கு இரண்டாவதுதான்.

3. டீக்கடைப் புத்தகம்

இந்த இடத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தின மார்கழியில் சிதம்பரத்துக்குத் திருவாதிரை தரிசனத்துக்குப் போயிருந்தோம். கீழவீதியில் ஒரு ஆள் தார்ப்பாய் விரித்துப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தான். ஒன்றின் அட்டையில் டீ கிளாஸ் படம். தடைக்காலத்தில் சும்மா இருக்கிறோமே, சின்னதாக ஒரு டீக்கடை போடலாமா என்று எனக்கு அப்போது ஒரு யோசனை. டீக்கடை நடத்துவது எப்படி என்று சொல்கிற புத்தகம் என்று நினைத்து வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் டீத்தூள் பற்றி ஒரு வரி இல்லை. எல்லாம் விஞ்ஞானம். எழுதினவர் பெயர் இன்பநாதன். சிதம்பரத்தில் வாத்தியார் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் என்று பின்பக்கம் போட்டிருந்தது.

மகேஸ்வரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "டீக்கடைக்காரரே, ஒரு டீ போடுங்க" என்று ஒரு மாசம் கிண்டல் பண்ணினாள்.

கம்ப்ரஸர் ரூமில் ஆபரேட்டருக்கு மணிக்கு ஒரு தரம் பிரஷரையும் டெம்பரேச்சரையும் பார்த்து லாக் புக்கில் எழுதுகிற வேலை. நடுவில் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். வாங்கினதை வீணாக்குவானேன் என்று ஒரு பக்கம், இரண்டு பக்கமாகப் படித்தேன்.

எனக்கு விஞ்ஞானம் என்றாலே ஸ்கூலில் முட்டி போட்ட ஞாபகம்தான். இந்த மனுஷன் அப்படி எழுதவில்லை. உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றுகிறோம். கருங்கல் கால் பொத்துப் போகிற மாதிரி சுடுகிறது, அதே வெயிலில் கிடக்கிற கோணிச்சாக்கு சுடுவதில்லை. ஏன் என்று ஒரு கட்டுரை. அவரே சாக்குக்குச் சாக்கு தாவி, நடுவில் மாட்டிக்கொண்டு, சாமி கும்பிட வந்தவரா கூத்தாட வந்தவரா என்று பார்த்தவர்கள் சந்தேகப்பட்டதை முதலில் எழுதுவார். நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே விஷயத்தை உள்ளே தள்ளிவிடுவார். கல் தன் சூட்டை நம் காலுக்குச் சட்டென்று கொடுத்துவிடுகிறது, சாக்கு கொடுக்க மனசில்லாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். எத்தனையோ வருஷமாக அந்தக் கல்லில் நானும் தாவியிருக்கிறேன். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அதைப் படித்த அன்றைக்கு, நான் மிதித்த தரையே புதுசாகத் தெரிந்தது.

இன்னொரு கட்டுரை, அட்டையில் இருந்த கிளாஸைப் பற்றியது. அந்தப் படத்தில் கிளாஸில் மேலிருந்து கீழே ஒரு கோடு ஓடும். பிரிண்டிங்கில் தப்பு என்று நினைத்திருந்தேன். அது கீறல். கண்ணாடி கிளாஸில் கொதிக்கிற டீயை ஊற்றினால் ஏன் விரிசல் விடுகிறது என்பதை ஒரு கூட்டுக் குடும்பச் சண்டையாக எழுதியிருந்தார். சூடு வந்த சேதி உள்பக்கத்துக்கு முதலில் தெரிந்துவிடும். அது உடனே அகலமாக உட்காரப் பார்க்கும். வெளிப்பக்கத்துக்கு இன்னும் சேதி போகவில்லை. அது இடம் விடாது. ஒரே சுவர், உள்ளே ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு. நடுவில் பிளந்துகொள்கிறது. சேதி மெள்ளப் போய் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பண்ணினால் சண்டை வராது என்று முடித்திருந்தார். படித்தேன், சிரித்தேன், மறந்துவிட்டேன். நான் கண்ணாடி வியாபாரம் பண்ணவில்லையே.

4. சத்தம்

மொட்டைத் தலையோடு கேலிப்பட்ட அன்றைக்கு மத்தியானம், யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் டிப் டேங்க் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். ஐஸ் எப்படி எடுப்போம் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தகரக் கேனில் நல்ல தண்ணீர் ஊற்றி, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைப்போம். அந்த உப்புத் தண்ணீருக்கு பிரைன் என்று பெயர். அது மைனஸ் பத்தில் இருந்தாலும் உறையாது, கேனுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர் உறைந்துவிடும். உறைந்ததும் கேனைத் தூக்கி டிப் டேங்கில், அதாவது சாதாரணத் தண்ணீரில் முக்கினால், ஓரம் இளகி பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

ஒரு கேனை முக்கினார்கள். உள்ளே இருந்து "டொப்" என்று ஒரு சத்தம். அப்புறம் நொறுநொறுவென்று அப்பளம் மெல்லுகிற மாதிரி.

அந்தச் சத்தம் புதுசு இல்லை, மூன்று நாளாக வந்துகொண்டுதான் இருந்தது. நான்தான் பலகையையும் என் கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. பார் என் கைக்கு வருவதற்கு முன்னாலேயே உடைந்துவிடுகிறது.

டேங்கில் கையை விட்டேன். வெந்நீர் மாதிரி சுட்டது. தடைக்காலத்தில் முதலாளி பண்ணின ஏற்பாடு அது. மெஷின் சூட்டைத் தணித்துவிட்டு கண்டன்சரில் இருந்து வருகிற சுடுதண்ணீரை டிப் டேங்குக்குத் திருப்பிவிட்டால் பார் சீக்கிரம் கழன்று வரும் என்று பைப் போட்டிருந்தார். இன்னொன்றும் செய்திருந்தார். திறக்கிற அன்றைக்கு எல்லாப் போட்டுக்கும் ஐஸ் வேண்டுமே, சீக்கிரம் உறையட்டும் என்று உப்பை ஏற்றி, பிரைனை மைனஸ் பதினாறுக்கு இறக்கச் சொன்னார். இறக்கினவன் நான். லாக் புக்கில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

மைனஸ் பதினாறில் இருந்து நேராக வெந்நீருக்கு. சேதி வெளிப்பக்கத்துக்கு முதலில் தெரிந்துவிட்டது. உள்பக்கம் இடம் விடவில்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினாறு வருஷம் ஐஸ் பண்ணியிருக்கிறேன். ஐஸ் என்றால் சில்லு என்றுதான் நினைத்திருந்தேன். ஐஸிலும் ஜாஸ்தி சில்லு, கம்மி சில்லு உண்டு, ஒரே பாரில் வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றும் இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஐஸ் கம்பெனி வாசலையே மிதிக்காத ஒரு மனுஷன், சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு, டீ கிளாஸைப் பற்றி எழுதி, என் தொட்டிக்குள் நடப்பதை எனக்குக் காட்டிவிட்டார். கம்ப்ரஸர் ரூமுக்கு ஓடிப்போய் அந்தப் பக்கத்தைத் திருப்பி இன்னொரு தரம் படித்தேன்.

5. ரெண்டு கேன்

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "கிளாஸ் வேற, ஐஸ் வேற. கதைப் புஸ்தகத்தப் படிச்சிட்டு வந்து மெஷின மாத்தச் சொல்றியா?" என்றார். தன் பைப்பைக் குறை சொல்கிறான் என்ற கோபமும் அதில் இருந்தது.

"மெஷின மாத்த வாணாங்க. ரெண்டே ரெண்டு கேன் குடுங்க. ஒடஞ்சா நானே ஜாபருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டுப் போறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

காத்தமுத்துவின் இரண்டாவது படகு அன்றைக்குப் போக வேண்டியது. நானே ஆள் அனுப்பி அவரையும் வரவழைத்தேன். இரண்டு கேனை ஒரே நேரத்தில் தூக்கச் சொன்னேன். ஒன்றை வழக்கம் போல நேராக டேங்கில் முக்கினோம். டொப். வெளியே எடுத்தால் பாருக்குக் குறுக்கே விரல் கனத்துக்கு விரிசல். இன்னொன்றை நிழலில் சும்மா நிறுத்தி வைத்தேன்.

"என்னா மச்சான், அதுக்கு மட்டும் ரெஸ்ட்டா?" என்றார் காத்தமுத்து.

"சேதி போவட்டும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அரை மணி நேரம். கேன் மேல் பூத்திருந்த வெள்ளைப் பனி கரைந்து தண்ணீர் முத்து கட்டும் வரை விட்டேன். அந்த அரை மணியில் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. அப்புறம் கேனை டேங்கில் விடாமல், கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு மேலே ஊற்றினேன். சத்தம் இல்லை. கேனைக் கவிழ்த்தேன். பார் வழுக்கிக்கொண்டு வந்து பலகையில் இறங்கி, காத்தமுத்துவின் காலடி வரைக்கும் போய் முழுசாக நின்றது.

அவர் குனிந்து அதை இரண்டு தரம் கையால் தட்டிப் பார்த்தார். முதலாளி பக்கம் திரும்பி, "மாமா, இந்த மாதிரி எனக்கு நூறு போடச் சொல்லுங்க. நாளைக்கு வரைக்கும் காத்திருக்கேன்" என்றார்.

முதலாளி பிளம்பரைக் கூப்பிட்டு அந்த பைப்பைக் கழற்றச் சொன்னார். பிரைனை மைனஸ் பத்துக்கு ஏற்றினேன். மறுநாள் நூறு பாரில் மூன்று உடைந்தது. அது எப்போதும் உடைகிற கணக்குத்தான்.

6. சிதம்பரத்தில் இருந்து வந்தவர்

புத்தகத்தில் இருந்த விலாசத்துக்கு ஒரு கடுதாசி எழுதினேன். நான்கு பக்கம், பிழையோடு. எட்டாம் நாள் இன்பநாதன் ஐயாவே வந்துவிட்டார். ஒல்லியான உடம்பு, தோளில் ஜோல்னாப் பை, பஸ் ஸ்டாண்டில் இருந்து நடந்தே வந்திருக்கிறார். கேட்டில் நின்று, "கலியமூர்த்தி சார் இருக்காருங்களா?" என்று கேட்டாராம். எங்கள் கம்பெனியில் என்னை யாரும் சார் என்று கேட்டு வந்ததில்லை. அப்படி யாரும் இல்லை என்று வாட்ச்மேன் சொல்லி அனுப்பப் பார்த்திருக்கிறார்.

காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார். "மொதல்ல அந்தச் சத்தத்தக் கேக்கணும்" என்றார்.

டேங்கில் பழையபடி சுடுதண்ணீரை நிரப்பி, ஒரு கேனை அவருக்காகவே நேராக முக்கிக் காட்டினேன். வெளியே எடுத்த பாரில் காதை ஒட்ட வைத்துக்கொண்டு, கன்னம் மரத்துப்போகும் வரை நின்றார். புத்தகத்தில் எப்படியோ நேரிலும் அப்படியே, கேள்வி மேல் கேள்வி. பாரின் நடு மட்டும் ஏன் வெள்ளையாக இருக்கிறது, உறையும்போது கேன் தண்ணீருக்குள் காற்று ஏன் விடுகிறீர்கள், எந்தப் பக்கம் முதலில் உறையும். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசியில், "விரிசல் வெளிய ஆரம்பிச்சு உள்ள போவுதா, உள்ள ஆரம்பிச்சு வெளிய வருதா?" என்று கேட்டார்.

"அதாங்க நான் ஒங்களக் கேக்கணும்னு வெச்சிருந்தேன்."

"எனக்குத் தெரியலயே சார்" என்றார், கூச்சமே இல்லாமல். இரண்டு பேருமாக இன்னும் நாலு கேனை உடைத்துப் பார்த்தோம். முதலாளி ஆபீஸ் ரூமில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். எங்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஒரு விஷயம் தெரியாததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இவ்வளவு எழுதின மனுஷன் தெரியலை என்று சொன்னதை, அவர் எழுதினதைவிடப் பெரிசாக நினைத்தேன்.

டீ குடிக்கும்போது மனசில் இருந்ததைக் கேட்டேன். முதல் பார் உடைந்தபோது என் பாவம் என்று நினைத்தது, ஸ்ரீமுஷ்ணம் போனது எல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப இதுல சாமி ஒண்ணும் செய்யலீங்களா ஐயா?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "அத நான் சொல்ல முடியாதுங்க. ஆனா ஒண்ணு. எந்த ஊர்ல யாரு முக்குனாலும் இந்த பார் இப்படித்தான் ஒடையும். நல்லவன் கெட்டவன் பாக்காது. ஒங்களுக்குன்னு தனியா ஒடையல."

அதற்கப்புறம் எத்தனையோ தரம் கோயிலில் நின்று அதை நினைத்திருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி உடைகிற மாதிரி இந்த உலகத்தை ஒருவர் செய்து வைத்திருக்கிறாரே. என் ஒருத்தனைத் தண்டிக்க ஒரு பாரை உடைத்திருந்தால்கூட அவர் எனக்கு இவ்வளவு பெரிசாகத் தெரிந்திருக்கமாட்டார்.

7. பரங்கிப்பேட்டை

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் பரங்கிப்பேட்டையில் இருந்து போன். என் இடத்துக்கு வரச் சொல்லிக் கேட்டு வைத்திருந்தாரே முதலாளி, அந்த ஜாபர். நேரில் பார்த்ததில்லை. எங்கள் பார் உடையாமல் நின்ற கதையைப் போட்டுக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறான். அவன் கம்பெனியில் புது ஓனர். சீக்கிரம் உறைய வேண்டும் என்று அவருக்கு அவசரம். பார் எல்லாம் உடைகிறது.

"அண்ணே, என் கைல எதோ ஆயிடுச்சின்னு சொல்றாங்கண்ணே. ரெண்டு நாளா நான் பாரையே தொடல. பசங்கள வெச்சித் தள்றேன்" என்றான்.

நம் கம்பெனி விஷயத்தை இன்னொரு கம்பெனியில் போய்ச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

போனதும் அவன் கையைப் பார்க்கவில்லை. தெர்மாமீட்டரைப் பார்த்தேன், மைனஸ் பதினெட்டு. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிறதும் அதுதான். ஒன்று கெட்டுப்போனால் யார் கை என்று கேட்காதீர்கள், உங்கள் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதலில் லாக் புக்கை எடுங்கள், கடைசியாக எதை மாற்றினோம் என்று பாருங்கள். சாமியைக் கும்பிடுவதை நான் விடவில்லை, நீங்களும் விட வேண்டாம். ஆனால் அவர் மேல் பழியைப் போடாதீர்கள்.

ஒரு கேனைத் தூக்கி நிழலில் நிறுத்தச் சொன்னேன். அரை மணி கழித்துக் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்தோம். பார் முழுசாக வந்து நின்றது. ஜாபர் பக்கத்தில் வரவில்லை. தொட்டால் உடைந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"தொடு பாய்" என்றேன். "ஒனக்குன்னு தனியா ஒடையாது."

மெள்ள வந்து உள்ளங்கையைப் பார் மேல் வைத்தான். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. சில்லென்று இருந்திருக்கும்.